மூலையில் ஒரு மின்னல்

இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டிவைத்தால் எவ்வளவோ
அவ்வளவுதான் கணினி.
நூற்றுப்பத்து லாரி.
திபிலிசியிலிருந்து மினிபஸ் ஓட்டுநரின் சட்டைப்பையில் கிளம்பி
குத்தாயிசியில் என் கைக்கு வந்தபோது
அவர் உடம்புச் சூடு அதில் மிச்சமிருந்தது.

நினைவட்டையை எழுதி அனுப்பியவர் பாத்ரி.
சுக்தீதிக்காரர். என்னைப் போலவே பார்வை கிடையாது.
தொலைபேசியில் சொன்னார்:
"மின்சாரம் கொடு, லமாரா.
திரை வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.
நாற்பது வரை எண்ணு. பேசும்."

எண்ணினேன்.
நாற்பத்து மூன்றில் பேசியது.

மூக்கடைத்த குரல்.
எங்கள் மொழியில் 'க' மூன்று விதம்:
ஒன்று மூச்சோடு வரும்,
ஒன்று மூச்சை வெட்டும்,
ஒன்று தொண்டைக்குழியில் முடிச்சுப் போடும்.
இது மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு வதக்கியது.
போகட்டும்.
தண்ணீர்க் கம்பெனியின் மின்னஞ்சல்களை
வரி விடாமல் படித்ததே.
பதினோரு மாதமாக யார் யாரோ எனக்குப் படித்துச் சொன்ன சுருக்கம்
எப்போதும் ஒன்றுதான்:
"ஒன்றுமில்லை, கட்டச் சொல்கிறார்கள்."

ஐந்தாம் நாள் திக்கத் தொடங்கியது.
"கட்… கட்… கட்டண…"
நின்றது. மூச்சுமுட்டியது.
பிறகு அமைதி.
மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று,
நாற்பத்து மூன்று.

ஒலி அமைப்பை மாற்று என்றார் பாத்ரி. மாற்றினேன்.
வேகத்தைக் குறை. குறைத்தேன்.
அட்டையைப் புதிதாக எழுதி அனுப்பினார்,
இந்த முறை வேறு ஓட்டுநர், பூண்டு வாசம்.
திக்கல் மட்டும் அதே திக்கல்.

மேல்வீட்டு கோச்சா தன் பழைய டிவியைத் தூக்கிவந்தார்,
படிக்கட்டு முழுக்க இரைத்துக்கொண்டு.
மாட்டியதும் குரல் என் ஒலிபெருக்கியை விட்டு
டிவிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
அங்கிருந்தும் திக்கியது.
"எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது,
எழுத்தெல்லாம் வரிசையாக நிற்கிறது" என்றார்.
தினமும் மாலையில் வந்தார். தேநீர் குடித்தார்.
தன் முழங்காலைப் பற்றிச் சொன்னார்.
ஆறாம் நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே,
"அந்தச் சின்ன மின்னல்கூட அழகுதான்" என்றார்.

எந்த மின்னல்?

"மேல் மூலையில். மஞ்சளாக.
வரும், போகும்.
அலங்காரம்தானே?"

மின்சாரம் போதவில்லை.
அதைத்தான் இயந்திரம் அத்தனை நாளும்
படம் வரைந்து கெஞ்சியிருக்கிறது.
திரையைப் படிப்பதற்கென்றே பிறந்த மென்பொருளுக்கு
அந்த ஒன்றைப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை.
கோச்சாவுக்கு மின்னல், எனக்கு இடி.
ஒரே அறையில் ஆறு மாலை,
இரண்டும் ஒரே மழை என்று
இருவருக்கும் தோன்றவில்லை.

பார்வையற்றோர் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருடம் பிளக் பூட்டியவள் நான்.
ஒரு ஷிப்டுக்கு நானூறு.
சார்ஜர் கம்பியை விரலிடுக்கில் விட்டு உருவினேன்.
சேமியா.
வெட்கமாக இருந்தது.
கண்ணுக்கெட்டாத மென்பொருளை எல்லாம் சந்தேகப்பட்டேன்,
கையருகே கிடந்ததை ஒருமுறை தொட்டுப் பார்க்கவில்லை.

சந்தையில் பையன் ஐந்து கம்பிகளை
என் உள்ளங்கையில் வரிசையாக வைத்தான்.
"எல்லாம் ஒன்றுதான், அம்மணி."
மூன்றாவதை எடுத்தேன். செம்பு கனக்கும்.
அதற்கேற்ற அடாப்டர் ஒன்றும்.
பேரம் பேசவில்லை.

அன்றிரவு
தண்ணீர்க் கம்பெனியின் பதினேழாம் பத்தி வரை
ஒரு சொல் உடையாமல் போனது குரல்.
பதினேழாம் பத்தியில் இருக்கிறது:
மறுப்புத் தெரிவிக்கக் கடைசி நாள்.
இன்னும் நான்கு நாள் மிச்சம்.

டிவியை எடுத்துப்போக வந்த கோச்சா
வாசலில் தயங்கினார்.
"இது இல்லாவிட்டால்
மின்னல் வந்தால் உனக்கு எப்படித் தெரியும்?"

திக்கும் என்றேன்.
முழங்காலை நாளைக்குப் பேசலாம், கோச்சா,
கதவைச் சாத்திக்கொண்டு போங்கள்.
எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.